எர்த்து வயரின் அடியில்

அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்கள் ஜீப்பைச் சுற்றி நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா. டிரைவர் சீட்டில், ஒரு கால் வெளியே.

அம்மா. வண்டிக்குப் பின்னால். முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். தள்ள வேண்டிவரும் என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா. அம்மாவுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு.

மாமன், அம்மாவின் ஒரே தம்பி. முன்னால், ரேடியேட்டர் பக்கம். நெற்றியில் முந்தின நாள் இட்ட நாமம் பாதி அழிந்திருந்தது.

எஸ்டேட் கணக்கப்பிள்ளை. குடை பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி.

நான். பத்து வயது. பானெட்டுக்குக் கம்பு முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தேன்.

அன்றைக்கு வண்டி எடுத்தால், அதாவது ஸ்டார்ட் ஆனால், மாமன் எங்கள் வீட்டில் இருப்பார். எடுக்காவிட்டால் அவர் கள்ளன். அப்பா அப்படித்தான் முடிவு செய்திருந்தார்.

நம் வயதுக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். அருமனைக்கு மேலே ரப்பர்க் காட்டுக்குள் அப்போது பஸ் கிடையாது. எங்கள் ஜீப் ஒன்றுதான். ராணுவத்தில் ஏலம் விட்ட வண்டி, பல கை மாறி அப்பாவிடம் வந்தது. யாரோ டீசல் எஞ்சின் மாற்றி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் பால் வெட்டுகிறவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். பதினொரு மணிக்கு ரப்பர் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு ஃபாக்டரிக்கு இறங்கும். அந்தப் பால் காத்திருக்காது. நேரம் தப்பினால் கேனுக்குள்ளேயே உறைந்து கட்டியாகிவிடும். மறுநாள் நாற ஆரம்பிக்கும். செத்த எலி நாற்றம். கையில் பட்டால் சோப்பு போட்டாலும் போகாது. அதே கையால்தான் சோறு தின்போம்.

மாமன் அப்பாவுக்குக் கிளீனர். அப்பாவுக்கு முடியாத நாளில் டிரைவர். அம்மாவைக் கட்டிக் கொடுத்தபோது அவருக்கு ஆறு வயது. கேட்க ஆள் இல்லாததால் கூடவே வந்தவர். அப்பாதான் வளர்த்தார்.

புரட்டாசியில் வண்டியை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். அதற்கு முன் வண்டி முழுக்கப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். எங்கள் ஊர் மழை ஊர். வெறும் இரும்பைக் கண்டால் யாருக்கும் மனசு பொறுக்காது. கிணற்றுக் கப்பி, கேட்டுக் கொண்டி, எதுவானாலும் அடித்து மூடிவிடுவார்கள். அப்பா எல்லாரையும் விட மோசம். அந்த வருடம் வண்டியைப் பாதி பிரித்துப் போட்டு சேஸிஸ் முழுக்கக் கறுப்பு அடித்தார். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு பட்டை வயர் உண்டு. செம்புக் கம்பியைச் சடை பின்னியது போல இருக்கும். எர்த்து என்பார்கள். அதையும் கழற்றி வைத்தார். அது மாட்டியிருந்த இடத்தில் இரும்பு வெளுத்துக் கிடந்தது. மூலையான இடம். அப்பா கை நுழையவில்லை.

"இஞ்ச துரு பிடிச்சிரும் மக்ளே. உனக்க கை சின்னது. உள்ள விட்டு நல்லா அடி" என்றார்.

அடித்தேன். காய்ந்த பிறகு இன்னொரு தடவையும் அடித்தேன். அப்பா குனிந்து பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். அவர் என்னைப் பாராட்டியது எனக்கு நினைவிருக்கிற வரையில் அது ஒன்றுதான். அதன் மேலேயே பட்டையை வைத்து போல்ட் முறுக்கினார்.

எஃப்.சி. பாஸானது. ஐப்பசி மழை இறங்கியது. வண்டி எடுக்காமல் ஆனது.

ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஹாரன் அடித்தால் ஆட்டுக்குட்டி இருமுவது போல வரும். லைட்டைப் போட்டால் சிம்னி விளக்கு வெளிச்சம். லைட் போட்டவுடன் எஞ்சின் சூடு காட்டும் முள் தானாக மேலே ஏறும். எஞ்சின் ஓடாமலே கிடக்கும்போது சூடு எப்படி ஏறும் என்று யாரும் கேட்கவில்லை.

பேட்டரி செத்துப்போச்சு என்றார் அப்பா. பழையதைக் கொடுத்துப் புதியது மாற்றிவர மாமனை மார்த்தாண்டத்துக்கு அனுப்பினார். மாமன் அந்திக்கு வந்தார். கொட்டுகிற மழையில், சாக்கில் சுற்றிய பேட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் இறங்கிய இடத்திலிருந்து நடந்தே வந்தார். சட்டைப் பையிலிருந்த பில் அரைத்த மாவு போல ஆகியிருந்தது. காட்டினார். அப்பா சிரித்தார். "தோசை சுடு" என்று அம்மாவிடம் கொடுத்தார். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் நன்றாக எடுத்தது. எட்டாம் நாள் டக்.

அருமனையில் பேட்டரிக் கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார். "பதினொண்ணு தான் நிக்குது. புதுசுன்னா இப்படி எறங்காதே. எங்க வாங்கினீரு?" என்றார். அந்த ஒரு கேள்வியை அப்பா வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தார்.

மறுநாள் எஸ்டேட் லாரியின் பெரிய பேட்டரியைக் கடன் கேட்டுக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். ஒரே அமுக்கில் எடுத்தது. எடுத்த வண்டியை ஆஃப் பண்ணாமல் இறங்கி வந்து மாமனைப் பார்த்தார்.

"மார்த்தாண்டத்துல என்ன செஞ்ச?"

"பேட்டரி வாங்கினேன் அத்தான்."

"எந்தக் கடையில?"

"நீங்க சொன்ன கடையில தான்."

"பில்லு?"

"அது நனஞ்சு மாவாப் போச்சே. அண்ணைக்கே காட்டினேனே."

"புதுச எவனுக்கோ கொடுத்துட்டு, பழசுக்கு ஸ்டிக்கரு ஒட்டிக் கொண்டு வந்திருக்க. இல்லைன்னா அந்த பேட்டரியில எடுக்கிற வண்டி இதுல ஏன் எடுக்கல்ல?"

மாமனுக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் யாருக்கும் தெரியாது. பதில் சொல்லாமல் நின்றதும் குற்றமானது.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "இஞ்ச பாருங்கோ, இந்த வீட்டுல வளந்த பயலை..."

"வளத்தது நான். அதனால தான் கேக்குதேன்."

மார்த்தாண்டத்துக் கடையில் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அப்பா போகவில்லை. மச்சினன் கள்ளன் என்று மார்த்தாண்டம் முழுக்கத் தெரிந்துவிடுமாம். மாமனைப் போகவும் விடவில்லை. கடைக்காரனோடு பேசி வைத்துவிடுவானாம். நாலு சுவருக்குள் வைத்து விசாரிப்பதுதான் மரியாதை என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனை நாங்கள் கும்பிடும் தாங்கலுக்கு அழைத்துப் போனார். நாங்கள் அய்யாவழிக் குடும்பம். அங்கே சிலை கிடையாது, கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் மாமன் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைக் கட்டி, நாமம் இட்டு நின்றார். விலா எலும்பு தெரிந்தது.

"நான் பேட்டரிய மாத்தல்ல. அய்யா சாட்சி" என்றார்.

அப்பா, "நாளைக்குக் காலையில வண்டி எடுக்கட்டும். அப்ப நம்புதேன்" என்றார்.

தாங்கலில் பணிவிடை செய்கிறவருக்கே அது பிடிக்கவில்லை. "சத்தியம் செஞ்சாச்சு இல்லியா? பெறவு வண்டிகிட்ட என்னத்துக்கு வே கேக்குதீரு?" என்றார்.

"பொய்ச் சத்தியம்னா ஒரு ராத்திரி தாங்காது" என்றார் அப்பா. அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதுதான் கொடுமை. ஏமாற்ற நினைத்திருந்தால் அவரோடு சண்டை போட்டிருக்கலாம்.

அந்த ராத்திரி முழுக்க மழை.

திங்கட்கிழமை காலையில் எல்லாரும் நின்றோம். அப்பா "அய்யா உண்டு" என்று சொல்லிப் பட்டனை அமுக்கினார்.

டக்.

கணக்கப்பிள்ளை குடைக்குள்ளிருந்து, "சாமி கும்பிட்டா மட்டும் பத்தாது வே, டீசலும் ஊத்தணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா மறுபடியும் அமுக்கினார். மறுபடியும். விடாமல் அமுக்கினார். எரிகிற நாற்றம் வந்தது. பானெட் கம்பு நழுவியது. நான் தடுமாறி, கையில் கிடைத்த ஒரு கம்பியைப் பிடித்தேன். ஆக்சிலேட்டர் கேபிள். அடுப்புக் கொள்ளியைப் பிடித்தது போல இருந்தது. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது.

"அப்பா, கம்பி சுடுது! இந்தக் கம்பி சுடுது!"

"மாறி நில்லுட்டி!"

மாறி நின்றேன். கையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

அப்பா இறங்கினார். அடிக்கவில்லை. திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். "சாவியைத் தா."

மாமன் இடுப்பில் கட்டியிருந்த இரண்டாவது சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். அம்மா வண்டியின் பின்னாலேயே நின்றாள்.

கணக்கப்பிள்ளை, "பால் வெட்டுற ஆளுக வண்டிக்குக் காத்து நிக்குது" என்றார்.

அப்பா சீட்டில் ஏறி கியர் போட்டார். அம்மாவும் அக்காவும் தள்ளினார்கள். சேறு. வண்டி அசையவில்லை. மாமன் பின்னால் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. இறக்கத்தில் போய் எடுத்துக்கொண்டது. அப்பா நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. புகை மட்டும் நின்றது.

மாமன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிர்ப் பக்கமாக நடந்தார். அம்மா கூப்பிட்டாள். சாயாவாவது குடித்துவிட்டுப் போ என்றாள். அவர் வளைவு திரும்பிவிட்டார்.

பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தினமும் தள்ளினோம். காலையில் ஒரு தடவை, பதினொரு மணிக்கு ஒரு தடவை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டது அப்படித்தான். இடையில் வந்து தள்ளிவிட்டுப் போக முடியாதே. யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. ஒருநாள் பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள், அவ்வளவுதான்.

வண்டியை இறக்கம் பார்த்தே நிறுத்துவார் அப்பா. ஃபாக்டரியில் இறக்கம் கிடையாது. அங்கே போய் நின்றுவிட்டால் பார்க்கிறவர்களைக் கெஞ்ச வேண்டும். இரண்டு தடவை பால் உறைந்து போனது. அடுத்த மாதத்திலிருந்து வேறு வண்டி பேசப்போவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அதற்கும் காரணம் இருந்தது. "கள்ளன் வச்சிட்டுப் போன பேட்டரி."

அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். வண்டியிடம் பேசினாள். தள்ளும்போது, "எடுப்பியா மாட்டியா, பாவி? எனக்க தம்பியத் தின்னுட்டியே" என்பாள். குழித்துறை ஆற்றில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தே போனாள். வேறு யாரோ. மத்தியானம் திரும்பி வந்தாள். "அவன் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பில் தீ மூட்டினாள்.

அப்புறம்தான் எஸ்டேட் ஜெனரேட்டரைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆள் வந்தார். குள்ளமான ஆள். தோளில் தோல் பை. வேலை முடிந்து ஊருக்கு இறங்க எங்கள் ஜீப்பில் ஏறினார். பின்னால் பால் கேன்கள். அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கினார். டக்.

நாங்கள் தள்ளப் போனோம்.

"நில்லுங்க பிள்ளைகளா. எத்தன நாளா இப்படி?"

"ஒரு மாசமாச்சு" என்றார் அப்பா. "பேட்டரி ஏமாத்து."

"யாரு சொன்னா?"

அந்த ஆள் பானெட்டைத் திறந்தார். கையை உள்ளே விடப் போனார்.

"அந்தக் கம்பியத் தொடாதீங்க. சுடும்" என்றேன்.

"சும்மா நில்லு பிள்ளே" என்றார் அப்பா.

"சொல்லட்டும் வே. எந்தக் கம்பி மக்ளே?"

கையை விரித்துக் காட்டினேன். உள்ளங்கையில் கோடு ஆறாமல் கிடந்தது. ஆக்சிலேட்டர் கேபிளையும் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார். "இதுல கரண்டுக்கு ஒரு வேலையும் கிடையாதே. இது ஏன் சுடணும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பையிலிருந்து மீட்டரை எடுத்தார். ஒரு வயரை எஞ்சினில் வைத்தார், இன்னொன்றைப் பேட்டரியின் மைனஸில்.

"இப்ப அமுக்கும்."

டக். முள் துள்ளியது.

"நாலு வோல்ட்டு. இந்த ரெண்டு எடத்துக்கும் நடுவுல ஒண்ணும் நிக்கப்படாது. பேட்டரியில இருந்து போற கரண்டு திரும்பி வரணுமா இல்லியா? வர வேண்டிய வழி அடஞ்சு கிடக்குது. அதான் இந்த ஒல்லிக் கேபிள் வழியா முட்டி மோதி வருது. கேபிள் சுடாம என்ன செய்யும்?"

பையிலிருந்து தடித்த வயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைப் பேட்டரி மைனஸிலும் கடிக்கவிட்டார்.

"அமுக்கும்."

ஒரே அமுக்கு. எஞ்சின் உறுமியது. கேன்கள் அதிர்ந்தன.

அப்பா, "பேட்டரி பழசு..." என்று ஆரம்பித்தார்.

"பேட்டரிக்கு என்ன வே கேடு? நல்ல புது பேட்டரி. டைனமோவும் எஞ்சின்ல தான இருக்கு. அதுக்கும் இதே வழி தான். சார்ஜ் சரியா ஏறியிருக்காது. பாவம், அது என்ன செய்யும்?"

"லாரி பேட்டரியில எடுத்துதே?"

"பெரிய பேட்டரி எப்படியாவது இழுத்திரும். எருமை மாடு சேத்துல இழுக்கிற மாதிரி."

வண்டிக்குப் பின்னால் அம்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். புது பேட்டரி, புது பேட்டரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அடியில் படுத்து எர்த்துப் பட்டையின் போல்ட்டைக் கழற்றினார். பட்டையை விலக்கிப் பார்த்தார். அதன் அடியில் கறுப்புப் பெயிண்ட், ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று கிடந்தது.

"பெயிண்ட் வழியா கரண்டு போகாது. போல்ட்டுக்க மரை வழியா கொஞ்ச நாள் ஓடியிருக்கும். மழையில அதும் துருவேறிப் போச்சு. எந்த மடையன் வே இதுக்க அடியில பெயிண்ட் அடிச்சான்?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"நான் தான்" என்றார் அப்பா.

அவர் சொன்ன பொய் அது. யோசிக்காமல் சொன்னார். ரப்பர் வெட்டுகிற கத்தியை வாங்கி அந்த இடத்தைச் சுரண்டியதும் அவரேதான். வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டினார். தெரிந்த பிறகும் சுரண்டினார். "போதும் வே, ஓட்டை விழுந்திரும்" என்று அந்த ஆள் கத்தியைப் பிடுங்கினார்.

அன்றிலிருந்து வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. பால் வேலை போகவில்லை. அப்பா ஒவ்வொரு ஸ்டாண்டாக நிறுத்தி மாமனைக் கேட்டார். களியக்காவிளை வரைக்கும் போனார். கடைசியில் ஒரு லாரிக்காரர் சொன்னார், மயிலாடியில் கல் ஏற்றுகிற பையன் ஒருவன் இருக்கிறான், உம்ம ஊர்ப் பேச்சு என்று.

அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். கல் பட்டறை ரோட்டோரத்தில் இருந்தது. உளிச் சத்தத்தில் பேசினால் கேட்காது. ஆட்டுக்கல் அடுக்கியிருந்த இடத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். தலை, புருவம், இமை எல்லாம் கல் பொடியில் வெள்ளை. யாரோ கிழவர் என்று நினைத்தேன். மாமனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா மக்கா. வீட்டுக்குப் போவோம்."

"இஞ்ச வேல கிடக்குது அக்கா."

"உனக்க கால்ல விழணுமா லே?"

"நீ என்ன செஞ்ச, விழுகதுக்கு?"

அப்பா வண்டியிலிருந்து இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாகவே சொன்னார். "பேட்டரி இல்ல மச்சினா. எர்த்து. அடியில பெயிண்ட். நான் அடிச்சது."

மாமன் தலையை ஆட்டினார். பானெட் மேல் கையை வைத்து எஞ்சின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். அவர் விரல்கள் பானெட்டில் வெள்ளையாகப் பதிந்தன.

நான்தான் அடித்தேன் மாமா என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா இருந்தபோதும் சொல்லவில்லை, மாமன் இருந்தபோதும் சொல்லவில்லை. இப்போது இருவரும் இல்லை. அப்பா எனக்காகச் சட்டென்று பொய் சொன்னவர். மாமன் சொன்ன உண்மையை மட்டும் அவரால் கேட்க முடியவில்லை. அது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாமன் அன்று வரவில்லை. பிறகும் வரவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வந்தார், பந்தலுக்கு வெளியே நின்று பார்த்தார், சாப்பிடாமல் போனார். அம்மா செத்தபோது தோள் கொடுத்தார், வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மன்னிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு முடியாமல் கிடந்தபோது ஆள் மூலமாக இளநீர் கொடுத்து அனுப்பினவர் அவர்.

மயிலாடியில் நாங்கள் திரும்பப் புறப்பட்டபோது மாமன் டிரைவர் பக்கம் வந்தார். கோபம் இல்லை. வண்டி வேலை தெரிந்தவர் இன்னொருவரிடம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"கண்டுபிடிக்க எத்தன நேரம் ஆச்சு அத்தான்?"

அப்பா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிசம்."